சட்டி எண்ணெயை வண்டிக்குக் கொடுங்கள்

விருத்தாசலத்தில் பஜ்ஜிக் கடை வைத்திருப்பவர்களே, பரோட்டா மாஸ்டர்களே, கல்யாண மண்டபங்களில் சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவர்களே, முதலில் உங்களிடம்தான் கேட்கிறேன். ராத்திரி அடுப்பை அணைத்த பிறகு சட்டியில் மிஞ்சுகிற எண்ணெய் எங்கே போகிறது?

கொஞ்சம் மறுநாள் புது எண்ணெயோடு கலந்து அதே சட்டிக்கு வருகிறது. கொஞ்சம் பழைய டின்னில் ஏறி, டூவீலரில் வருகிற யாரோ ஒருவருக்கு விலைபோகிறது. அவருக்கு லைசென்சும் கிடையாது, அவர் ரசீதும் தருவதில்லை. துணியில் வடிகட்டி, உங்களைவிடச் சின்னக் கடைக்கு, இன்னும் மலிவாகத் தள்ளிவிடுகிறார். மீதி சாக்கடைக்குப் போகிறது. எல்லாக் கடையிலும் இப்படி நடக்கிறது என்று சொல்லவில்லை. நடக்கிற கடைக்காரருக்கு நான் சொல்வது புரியும். இன்றோடு நிறுத்துங்கள். அந்த எண்ணெய் இனி மனுஷன் வயிற்றுக்கு ஆகாது, வண்டிக்கு ஆகும்.

காலையில் ஊற்றும்போது பொன்னிறமாக இருந்த எண்ணெய் மத்தியானத்துக்குள் பழுப்பாகிறது. சாயங்காலம் மாவைப் போட்டதும் நுரை பொங்குகிறது, சீக்கிரத்தில் அடங்குவதில்லை. முன்னைவிடச் சீக்கிரம் புகைகிறது. கரண்டியைத் தூக்கினால் சொட்டாமல் இழுபடுகிறது. சட்டி ஓரத்தில், கம்பி நார் போட்டுத் தேய்த்தாலும் போகாத பிசின் படிகிறது. திரும்பத் திரும்பக் காயும்போது எண்ணெய் உடைந்து வேறு பொருள்களாக மாறுவதன் அடையாளங்கள் இவை. இந்தச் சிதைவுப் பொருள்களை 'டோட்டல் போலார் காம்பவுண்ட்ஸ்' என்கிறார்கள். இவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் நாடு முழுக்கச் சட்டம். ரத்தக் கொதிப்பு, இதய நோய், கல்லீரல் கோளாறு என்று இதன் கணக்கு மெதுவாக ஏறுகிறது. மெதுவாக ஏறுவதால்தான் யாரும் கடைக்காரரைத் தேடி வருவதில்லை.

இது பீங்கான் ஊர். சூளையிலிருந்து இறக்கிய சாமானை விரலால் சுண்டிப் பார்த்து, மந்தமாகச் சத்தம் கேட்டால் விரிசல் என்று தனியே எடுத்து வைப்பது இந்தத் தொழிலுக்கே உரிய நாணயம். விரிசல் விட்டதை நல்ல சாமானோடு சேர்த்துக் கட்டி அனுப்பினால் பட்டறையின் பெயர் போய்விடும். கெட்டுப்போன எண்ணெயைச் சத்தம் காட்டிக் கொடுக்காது, மிளகாயும் பெருங்காயமும் அதன் நாற்றத்தை மறைத்துவிடும். அதனால் சோதிக்க வேண்டிய பொறுப்பு முழுக்க விற்பவர் மேல் விழுகிறது.

சரி, அதை என்னதான் செய்வது? பயோடீசல் ஆக்கலாம். வடிகட்டி, ஈரம் நீக்கி, மெத்தனாலும் கொஞ்சம் காஸ்டிக் சோடாவோ பொட்டாஷோ சேர்த்து, இளஞ்சூட்டில் கலக்கினால் கனமான கிளிசரின் அடியில் தங்கும், பயோடீசல் மேலே நிற்கும். கழுவிச் சுத்தம் செய்து, தரம் பார்த்து டீசலோடு கலந்தால் கார், லாரி, பஸ் எல்லாம் ஓடும். வீட்டிலேயே செய்து பார்க்காதீர்கள். மெத்தனால் விஷம், தீப்பற்றும். வடிகட்டிய சட்டி எண்ணெயை அப்படியே டிராக்டரில் ஊற்றிப் பார்க்கலாம் என்று யாராவது யோசனை சொன்னாலும் கேட்காதீர்கள். கெட்டியான எண்ணெய் இன்ஜெக்டரை அடைத்துவிடும்.

உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதற்காகவே 2018-இல் 'ரூகோ' என்ற திட்டத்தைத் தொடங்கியது. நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிப்பவர்கள் 2019 மார்ச் 1 முதல் கணக்கு வைத்து, அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம் மட்டும் எண்ணெயைக் கொடுக்க வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்ட் 10-இல், 100 நகரங்களில் பழைய சமையல் எண்ணெயில் தயாரான பயோடீசலை வாங்க அரசு எண்ணெய் நிறுவனங்கள் முன்வந்தன. முதல் ஆண்டு விலையாக லிட்டருக்கு 51 ரூபாய் அறிவித்தார்கள். சிங்கப்பூரில் துவாஸில் இருக்கும் நெஸ்தே ஆலை இந்த மாதிரிக் கழிவுக் கொழுப்பிலிருந்து விமான எரிபொருளே தயாரிக்கிறது. ஆகவே இது யாரோ கண்ட கனவு இல்லை. நம் ஊர்ச் சட்டிக்கும் அந்த ஆலைக்கும் நடுவே விடுபட்டிருப்பது ஒரு டின்னும் ஒரு ரசீதும்தான்.

இவ்வளவு அழுத்திச் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. எதிர்கால வண்டிக்கு எரிபொருள் வேண்டும் என்றதும் எல்லோர் கண்ணும் விவசாயியின் நிலத்துக்குப் போகிறது. நமக்கு இது தெரிந்த கதை. 2000-களில் காட்டாமணக்கு நடுங்கள், தரிசில் வளரும், தண்ணீர் வேண்டாம், டீசல் காய்க்கும் என்று சொன்னார்கள். திருவண்ணாமலை, கோயம்புத்தூர்ப் பக்கத்தில் நட்டவர்களை ஆராய்ந்த ஒரு ஆய்வு 2010-இல் வெளியானது. சொன்ன விளைச்சல் வரவில்லை, காய்க்க வேண்டுமானால் தண்ணீரும் கேட்டது, பலர் கைவிட்டார்கள். திருவண்ணாமலைப் பக்கம் அது இடம் பிடித்தது மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விளைந்த நிலத்தில். மல்லாட்டை என்றால் குடும்பத்துக்கு எண்ணெய், மாட்டுக்குக் கொடியும் பிண்ணாக்கும். அத்தனையும் ஒரு வாக்குறுதிக்காகப் போனது. வி.ஆர்.ஐ. ரக மல்லாட்டைகளை நாட்டுக்குக் கொடுத்த ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு இந்த இழப்பை விளக்க வேண்டியதில்லை. 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சினை ஓட்டிக் காட்டியதே மல்லாட்டை எண்ணெயில்தான். எண்ணெயில் வண்டி ஓடும் என்பதில் அன்றைக்கே சந்தேகம் இல்லை. யார் வாயிலிருந்து எடுத்த எண்ணெய் என்பதுதான் கேள்வி.

இப்போது மக்காச்சோளத்தின் முறை. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இலக்கை நாடு 2025-இல் எட்டியது. 40 லிட்டர் டேங்க் ஒன்றில் 8 லிட்டர் எத்தனால். அதைச் சோளத்திலிருந்து வடித்தால் ஏறக்குறைய 21 கிலோ தானியம். விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு மூட்டை கொண்டு வரும் விவசாயிக்கு நல்ல விலை கிடைத்தால் சந்தோஷம், அதில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அதே சோளம் கோழித் தீவனம், அதுவே முட்டை விலை. சோளம் ஏற்றுமதி செய்த இந்தியா 2024-இல் பெருமளவில் இறக்குமதி செய்யும் நாடானது. காருக்காகப் புதிதாக ஒரு ஏக்கரைக் கேட்பதற்கு முன், ஏற்கெனவே விளைந்து, ஆட்டி, ஒருமுறை பயன்பட்டு, இனி விஷமாகப் போகிற எண்ணெயை எடுக்காமல் விடுவது அநியாயம். இதற்கு ஒரு சொட்டுத் தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், ஒரு சென்ட் நிலம் வேண்டாம். நாட்டின் டீசல் தேவையில் இது ஒரு சின்னப் பங்குதான். ஆனால் இந்தச் சின்னப் பங்கு தப்பான இடத்துக்குப் போனால் ஆளைக் கொல்லும்.

கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த வண்டி எலெக்ட்ரிக்கா, எத்தனாலா என்று வீட்டில் மணிக்கணக்கில் பேசுகிறீர்கள். நெடுஞ்சாலையில் நிறுத்தி வடை வாங்கும்போது, "எண்ணெயை என்னண்ணே பண்றீங்க?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பத்து பேர் கேட்டால் கடைக்காரர் யோசிப்பார். வண்டிக்கு எதை ஊற்றுவது என்று அத்தனை கவலைப்படுகிறவர்கள், பிள்ளைகள் வாயில் எதைப் போடுகிறோம் என்று ஒரு நிமிஷம் பார்க்கக் கூடாதா?

கடைக்காரர்களே, இது உங்கள் வயிற்றில் அடிக்கிற பேச்சு இல்லை. எண்ணெய் விலை எனக்கும் தெரியும். ஆறின எண்ணெயை வடிகட்டி மூடி போட்ட டின்னில் சேருங்கள். தண்ணீர் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளர் யார் என்று கேளுங்கள். தனியாக ஒரு டின்னுக்கு வண்டி வராது என்றால் தெருவுக்குப் பத்துக் கடை சேருங்கள். வியாபாரிகள் சங்கம் நினைத்தால் ஒரு வாரத்தில் முடிகிற காரியம். எடுத்துக்கொண்டு போகிறவர் ரசீது தராவிட்டால் டின்னைத் தராதீர்கள். அவர் இரண்டு ரூபாய் அதிகம் கொடுத்தாலும் தராதீர்கள்.

மாசி மகத்துக்குப் பழமலைநாதர் கோயிலைச் சுற்றி எத்தனை தற்காலிகக் கடைகள் முளைக்கின்றன! மணிமுத்தாற்றில் முழுகிவிட்டு வரும் கூட்டத்துக்கு அங்கே பொரியும். நகராட்சியும் திருவிழா நடத்துகிறவர்களும் கடைக்கு இடம் ஒதுக்கும்போதே, எண்ணெய் டின்னை ஒப்படைத்தால்தான் முன்பணம் திரும்பக் கிடைக்கும் என்று ஒரு நிபந்தனை போடுங்கள். கொடியேறிய பிறகு சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், ஏலத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.