பூச்சியமும் இன்மையும்

ஒரு பொருள் கண்ணில் படாமற்போனால், அது இல்லை என்று அறிந்ததாக ஆகிவிடுமா என்னும் கேள்வியை இந்தியத் தருக்க மரபு பல நூற்றாண்டுகள் விடாமல் ஆராய்ந்தது. தரையில் குடம் இல்லை என்ற அறிவு காட்சியாலோ அனுமானத்தாலோ வருவதன்று, காணாமையே அதற்குத் தனிப் பிரமாணம், அதாவது அறிவு பிறக்கும் வழி, என்றார் மீமாம்சை அறிஞர் குமாரிலர். நியாய மரபினர் இன்மையையும் புலன்களே அறிகின்றன என்றனர். பௌத்தரான தர்மகீர்த்தி அதை அனுமானத்துள் அடக்கினார். மணிமேகலையின் 27ஆம் காதையில் வைதிகவாதி அடுக்கும் பத்து அளவைகளிலும், அதாவது பிரமாணங்களிலும், இன்மையைக் குறிக்கும் அபாவம் ஒன்றாக நிற்கிறது. இவ்வளவு பிணக்குக்கு நடுவிலும் இம்மரபுகள் ஒரு நிபந்தனையில் நெருங்கி வருகின்றன: இருந்திருந்தால் தென்பட்டே இருக்கும் என்று சொல்லத்தக்க பொருளைக் காணாதபோதுதான் காணாமை அறிவாகும். இருட்டறையில் குடம் தென்படாததும், இயல்பிலேயே கண்ணுக்குப் புலப்படாத பிசாசைக் காணாததும் எதையும் நிறுவுவதில்லை.

இந்த நிபந்தனையின் அருமை கணினியின் கட்டளை வரியில் மிகத் தெளிவாகப் புலப்படுகிறது. டக் மெக்கில்ராய் வற்புறுத்த, 1973இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் யூனிக்ஸ் இயங்குதளத்தில் சேர்த்த 'பைப்' என்பது, ஒரு நிரல் வெளியிடுவதை அடுத்த நிரலுக்கு உள்ளீடாகக் கொண்டுசேர்க்கும் குழாய். ஒரு பதிவுக் கோப்பை 'கேட்' படித்துக் கொடுக்க, பிழை என்ற சொல் வரும் வரிகளை 'கிரெப்' பொறுக்கியெடுக்க, அவற்றை 'டபிள்யூ-சி' எண்ணிச் சொல்லும்படி ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். திரையில் 0 என்று வருகிறது. பிழையே நேரவில்லை என்றாலும் 0தான். கோப்பின் பெயரை மாற்றி எழுதியதால் கேட் அதைத் திறக்கவே முடியாமற்போனாலும் 0தான். கோப்பு இல்லை என்று கேட் முறையிடுவது உண்மையே. ஆனால் அந்த முறையீடு குழாய் வழியே போவதில்லை, பிழைச் செய்திகளுக்கென உள்ள வேறு தடத்தில் போகிறது, அந்தத் தடத்தை ஸ்கிரிப்ட் அடைத்துவைத்திருந்தால் ஒருவர் செவிக்கும் எட்டாது.

ஒவ்வொரு நிரலும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச்செல்கிறது. கிரெப் வரி கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1, தேடவே முடியாவிட்டால் 2 என்று சொல்கிறது. இன்மையையும் காண இயலாமையையும் இரு வேறு எண்களாகப் பிரித்துவைத்த இந்த ஏற்பாடு போற்றத்தக்கது. ஆனால் தொடர் முழுவதற்கும் இறுதி நிரலின் எண்ணையே, கட்டளைகளை இயக்கும் ஷெல் ஏற்பதால், வெறுமையையும் பிழையின்றி எண்ணி முடித்த டபிள்யூ-சியின் 0 அனைத்தையும் மூடிவிடுகிறது. தவறிய நிரல்களுள் கடைசியாக நிற்பதன் எண்ணை முன்னிறுத்தும் 'பைப்ஃபெயில்' அமைப்பும் இங்கே கைகொடுப்பதில்லை. கோப்பு நன்றாகப் படிக்கப்பட்டு வரி கிடைக்காதபோதும், கோப்பே திறக்காதபோதும் கிரெப் 1 என்றே சொல்கிறது; குழாயின் மறுமுனையில் நேர்ந்தது என்ன என்பதை அது அறிய வழியில்லை. கேட்டை நீக்கிவிட்டுக் கோப்பைக் கிரெப்பே நேராகத் திறக்கும்படி எழுதினால்தான், பைப்ஃபெயில் ஒன்றுக்கு 1 என்றும் மற்றொன்றுக்கு 2 என்றும் பிரித்துக் காட்டுகிறது. காண வேண்டியவன் பொருளுக்கு நேர் எதிரே நிற்க வேண்டும் என்பதைத் தவிர இந்தத் திருத்தத்தில் வேறொன்றும் இல்லை.

அப்போதும் ஐயம் முழுதும் ஒழிவதில்லை. பதிவு எழுதும் சேவையே நின்றுபோயிருந்தால், வெறுங்கோப்பை ஒழுங்காகப் படித்த கிரெப் நேர்மையாக 1 என்றே சொல்லும். 'இருந்திருந்தால் தென்பட்டிருக்கும்' என்னும் நிபந்தனை குழாய்க்கு வெளியே உடைந்துகிடக்கும். இதைச் சோதிக்க, தேர்ந்த நிரலாளர் அந்தச் சேவையின் வழியாகவே வேண்டுமென்று ஒரு பிழையை உண்டாக்கிவிட்டு, திரையில் உள்ள 0 இப்போது 1 ஆகிறதா என்று பார்க்கிறார். குடத்தைத் தாமே கொண்டுவந்து தரையில் வைத்து, கண்ணுக்கு அது தெரிகிறதா என்று முதலில் உறுதிசெய்துகொள்கிறார்.