சாட்சிக் கடிதம்

"அம்மா, எங்களப் பத்தி ஒரு லெட்டர் எழுதித் தரணும்" என்று பழைய மாணவி ஒருத்தி 2024 கோடை விடுமுறையில் வீட்டுக்கு வந்தாள். வேலைக்கான பரிந்துரைக் கடிதம் என்று நினைத்தேன். அதுவல்ல. அவள் கணவன் பிரிட்டன் குடியுரிமை பெற்றவன். அவனோடு போய் வாழத் துணைவர் விசாவுக்கு விண்ணப்பிக்கிறாள். அவர்களுடைய உறவு உண்மையானது, நிலைத்திருப்பது என்று இருவரையும் அறிந்த ஒருவர் எழுதிக் கையெழுத்திட்டால் கோப்புக்கு வலு சேரும் என்று ஏஜென்ட் சொல்லியிருக்கிறார்.

ஒரு பக்கக் கடிதம்தான். எழுத இரண்டு நாள் ஆனது. அவளை எனக்கு ஐந்து வருடமாகத் தெரியும். அவனை ஒரே ஒருமுறை, அவர்கள் திருமணத்தன்று, பதிவு அலுவலகத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் அரைமணி நேரம் பார்த்திருக்கிறேன். இன்னொருவர் உறவு உண்மை என்று சொல்ல எனக்கு என்ன தெரியும்? என்னுடைய திருமணத்தைப் பற்றியே அப்படி ஒரு வாக்கியத்தில் தயங்காமல் கையெழுத்துப் போடுவேனா?

அவள் கொண்டுவந்த கோப்பைப் புரட்டினேன். திருமணப் பதிவுச் சான்று, அவனுடைய ஆறு மாதச் சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு, காசநோய்ப் பரிசோதனைச் சான்று, ஆங்கிலத் தேர்வு முடிவு. தமிழில் முதுகலை முடித்து நான்கு வருடம் பள்ளியில் பாடம் நடத்தியவள், பேசவும் கேட்கவும் தெரியும் என்பதற்கு ஆங்கிலத்தின் ஆரம்பநிலைத் தேர்வு எழுதியிருந்தாள். அதிலொன்றும் தப்பில்லை என்று அவளே சொன்னாள். அவளை வருத்தியது சம்பளம். அந்த ஏப்ரலில்தான் துணையை அழைத்துக்கொள்பவருக்கான குறைந்தபட்ச ஆண்டு வருமானம் 18,600 பவுண்டிலிருந்து 29,000 பவுண்டாக உயர்ந்திருந்தது. அவன் இரவுப் பணியையும் சேர்த்துக்கொண்டுதான் அந்தக் கோட்டைத் தொட்டான். இங்கே அவள் வாங்கும் ஆசிரியர் சம்பளம் அந்தக் கணக்கில் சேராது. எவ்வளவு சம்பாதித்தாலும் சேராது. குடும்பம் நடத்தும் தகுதி அவன் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது.

அடுத்து வாட்ஸ்அப் உரையாடல்கள். மாதத்துக்கு இரண்டு மூன்று பக்கமாகத் தேர்ந்தெடுத்து அச்சடித்திருந்தாள். "சண்டை போட்டதெல்லாம் எடுத்துட்டேன்ம்மா" என்றாள். சாப்பிட்டியா, தூங்கினியா, மிஸ் பண்றேன் மட்டும் மிஞ்சியிருந்தது. எனக்குத் தெரிந்தவரை அவர்கள் உறவின் சிறந்த பகுதி அந்தச் சண்டைகள்தான். யார் சமைப்பது, அவள் அங்கே போய் மேலே படிக்கலாமா, குழந்தை எப்போது என்று மாதக்கணக்கில் வாதாடியிருக்கிறார்கள். அதையெல்லாம் அதிகாரி படித்தால் சந்தேகம் வந்துவிடுமாம்.

பிறகுதான் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "தாலியோட ஒரு போட்டோ இருந்தா நல்லதுன்னு ஏஜென்ட் சொல்றார். போட்டுக்கலாமாம்மா?"

அவர்களுடையது சுயமரியாதைத் திருமணம். சாதி வேறு. அவள் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. திருமணப் படங்களில் மொத்தம் ஆறு பேர், அதில் நான் ஒருத்தி. புரோகிதரும் தாலியும் இல்லாமல், மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டு, ஒருவரையொருவர் ஏற்கிறோம் என்று சொன்னாலே திருமணம் செல்லும் என்று 1967இல் அண்ணா ஆட்சியில் சட்டம் திருத்தப்பட்டது. அந்தச் சட்டத்தின் பலத்தில் தாலியை மறுத்தவள், கடல் தாண்டி இருக்கும் ஓர் அதிகாரியின் கண்ணுக்கு நிஜமாகத் தெரிவதற்காக அதைத் தேட வேண்டியிருந்தது. எந்த விசா விதியிலும் தாலி கிடையாது. ஆனால் ஏஜென்டின் மேசையில் இருந்த 'மாதிரிக் கோப்பில்' மண்டபமும் இருநூறு உறவினரும் இருந்தார்கள். பெண்ணைக் கைவிட்ட குடும்பம், அவள் திருமணம் நிஜமா என்ற கேள்வியில் சாட்சியாகத் திரும்பி வருகிறது. அப்போதும் அவளுக்கு எதிராகத்தான்.

"வேண்டாம்மா, நீ எதுக்கு அதெல்லாம் போடணும்" என்று உடனே சொன்னேன். எனக்குச் சொல்வது சுலபம். விசா மறுக்கப்பட்டால் பிரிந்திருக்கப் போவது நானில்லை.

ஒரு பெண்ணின் 'உண்மை'யைச் சோதிக்க பிரிட்டன் இதற்கு முன்பு எதைக் கேட்டது என்பதையும் நினைத்துக்கொண்டேன். 1979 ஜனவரியில், தனக்கு நிச்சயிக்கப்பட்டவரை மணக்க ஹீத்ரு விமான நிலையத்தில் இறங்கிய 35 வயது இந்திய ஆசிரியை ஒருவரை, அவர் சொன்னபடி மணமாகாதவர்தானா என்று பார்க்கக் கன்னித்தன்மைச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். கார்டியன் நாளிதழ் வெளியிட்ட பிறகே அது நின்றது. அப்துல்அஜீஸ், கபாலெஸ், பல்கண்டலி என்ற மூன்று பெண்கள், ஆண்கள் மனைவியை அழைத்துக்கொள்வதுபோல் நாங்கள் ஏன் கணவனை அழைத்துக்கொள்ள முடியாது என்று வழக்காடி, 1985இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் வென்றார்கள். அரசு உடனே சமத்துவத்தைக் கொண்டுவந்தது: பெண்களுக்கு வழியைத் திறந்து அல்ல, ஆண்களுக்கும் அதே அளவு நெருக்கி. இந்தத் திருமணத்தின் முதன்மை நோக்கம் குடியேறுவது அல்ல என்று விண்ணப்பிப்பவரே நிரூபிக்க வேண்டும் என்ற விதி 1997 வரை இருந்தது. ஒரு நோக்கம் இல்லை என்பதை எப்படி நிரூபிப்பது? வேறு ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போகிற எந்தப் பெண்ணிடமாவது, புருஷனுக்காகப் போகிறாயா, ஊரைவிட்டுத் தப்பிக்கப் போகிறாயா என்று கேட்டால் ஒற்றை விடை வருமா?

களவும் கற்பும் நடத்தும்போது வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு நூற்பாவில் நின்றுவிடுவேன். பொய்யும் வழுவும் தோன்றிய பிறகுதான் பெரியோர் கரணத்தை, அதாவது மணச்சடங்கை, ஏற்படுத்தினார்கள் என்கிறது தொல்காப்பியம். செய்ததை மறைப்பது பொய். செய்ததில் நிற்காமல் நழுவுவது வழு. நழுவியவர் யார் என்று மாணவிகளைக் கேட்டால் சிரிப்பார்கள். அகப்பாட்டில் தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டக்கூடாது என்ற விதியும் அதே நூலில்தான் இருக்கிறது. உறவின் உள்ளே நடப்பதற்குப் பெயரும் தேதியும் கிடையாது என்று அறிந்தவர்களே, வெளியே ஒரு சாட்சி தேவைப்படுகிறது என்றும் அறிந்திருந்தார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை.

ஆகவே அரசு எதையும் விசாரிக்கக்கூடாது என்று என்னால் சொல்ல முடியவில்லை. வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு நகையும் பணமும் கொடுத்து, மூன்றே வாரம் சேர்ந்து வாழ்ந்து, பிறகு தொலைபேசிகூட எடுக்கப்படாமல் இங்கே விடப்பட்ட பெண்களை நான் அறிவேன். அவர்களுக்காக யாராவது கொஞ்சம் கடுமையாக விசாரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவனைப் பற்றி. ஆனால் என் முன்னிருந்த கோப்பில் அவனைப் பற்றி அதிகம் இருந்தது வருமானம். அவள் பொய் சொல்கிறாளா என்பதற்கு அத்தனை பக்கங்கள். அங்கே போனால் அவள் பத்திரமாக இருப்பாளா என்பதற்கு ஒன்றுமில்லை. அடிபட்டு வெளியேறும் மனைவி விசாவை இழக்காமல் அங்கேயே தங்க வழிசெய்யும் விதி 2002இல் வந்தது. சவுத்ஹால் பிளாக் சிஸ்டர்ஸ் போன்ற அமைப்புகள் போராடிப் பெற்றது அது. கடிதத்தோடு சேர்த்து அந்த விதியையும் ஒரு தாளில் எழ்தி அவளிடம் கொடுத்தேன். முகம் சுருங்கிவிட்டது. "அவர் அப்படியில்லம்மா" என்றாள். "அப்படித்தான் இருக்கணும். நீ தாளைப் பையில வச்சுக்கோ" என்றேன்.

கடிதத்தில், அவனை ஒருமுறைதான் சந்தித்தேன் என்று முதலில் எழுதியிருந்தேன். அச்செடுக்கும்போது அந்த வரியை நீக்கினேன். அவள் சண்டைகளை நீக்கியதுபோல.

தாலிப் படத்தைப் பிறகு அவளே அனுப்பினாள். இரண்டு வார விடுப்பில் வந்திருந்த அவன் வாடகை வீட்டின் சமையலறையில் நின்று மஞ்சள் கயிற்றைக் கட்ட, பக்கத்து வீட்டுப் பெண் படம் எடுத்திருக்கிறாள். எடுத்ததும் கழற்றிவிட்டாளாம். பொய்யைத் தடுக்கக் கரணம் வந்தது என்று பாடம் நடத்துகிறவள் நான். கரணம் கேட்டதால் ஒரு பொய் வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் செய்தது தவறு என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை. சரி என்று சொல்லவும் நா எழவில்லை.

விசா வந்தது. 33 மாதம். அது முடிவதற்குள் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும், சேர்ந்து வாழ்ந்ததற்கான தாள்களோடு. போன மாதம் பேசினாள். மின்கட்டண ரசீதில் இருவர் பெயரும் வரும்படி மாற்றிவிட்டார்களாம். மேற்படிப்பு விஷயமாகச் சண்டை, மூன்று நாளாகப் பேச்சில்லை.

"ரசீது மட்டும் பத்திரமா எடுத்து வச்சிருக்கேன்ம்மா" என்று சிரித்தாள்.