விடுமுறையில் வந்த வீரன்

சூலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவன். ராணுவத்தில் சேர்ந்து பதினோரு வருஷமாகிறது. மாசி மாதம் லீவில் வந்திருந்தான். வந்த மூன்றாம் நாளே பொதுக் கிணற்றில் தண்ணீர் முறை பற்றிப் பங்காளிகளோடு தகராறு. வார்த்தை தடித்தது. பெரியப்பன் மகன் மண்வெட்டியை ஓங்கினான். பையனின் தகப்பனாருக்கு முழங்கையில் அடி.

அன்று மாலை நான் விசாரிக்கப் போனபோது பையன் திண்ணையில் தலையைக் கவிழ்ந்து உட்கார்ந்திருந்தான்.

"ஏனுங் மாமா, எல்லையிலே நாட்டையே நம்பி எங்கிட்டத் துப்பாக்கி குடுக்கறாங்க. எங்கப்பனைக் காப்பாத்த எங்கையிலே ஒண்ணுமில்லீங்க. ஊருக்கு வந்தா மட்டும் என்னை நம்ப மாட்டாங்களா?" என்றான்.

உள்ளேயிருந்து அவன் தாயார் குரல் கொடுத்தாள்: "அது இல்லாம வந்தியே சாமி, அந்த மட்டுக்கும் நல்லது!"

இரண்டு பேச்சிலும் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றியது. அதுதான் சங்கடம்.

சட்டம் தாயாரின் பக்கம் இருக்கிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், கடமையை முன்னிட்டு ஆயுதம் தாங்கும் அரசு ஊழியனுக்குக் குறுக்கே நிற்பதில்லை. கடமை நேரம் கழிந்துவிட்டால் அவனும் உங்களையும் என்னையும் போலத்தான். சொந்தத் துப்பாக்கி வேண்டுமென்றால் லைசென்ஸ் வாங்க வேண்டும். வாங்கினாலும், 2016ஆம் ஆண்டு விதிகளின்படி, பொது இடத்தில் உறையிலிட்டு முழுக்க மூடித்தான் எடுத்துப் போகவேண்டும். அமெரிக்காவில் மறைத்து எடுத்துப் போவதை உரிமையென்று கேட்டு வாதாடுகிறார்கள். இங்கே மறைப்பதே கட்டளை. ஊரார் கண்ணுக்குக் காட்டுகிற பொருளல்ல அது என்பது நம் சட்டத்தின் மனசு.

ஆனால் பையனின் கேள்வியை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. 2015இல் அமெரிக்காவின் சட்டனூகா நகரில் நான்கு மரைன் வீரர்களும் ஒரு கடற்படை வீரரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த வருஷமே, தளபதி அனுமதித்தால் ராணுவத் தளத்துக்குள் வீரர்கள் சொந்தத் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று அங்கே வழி செய்தார்கள். நம் நாட்டில் 2017 மே மாதம், லெப்டினென்ட் உமர் ஃபயாஸ் என்ற இளைஞர் லீவில் காஷ்மீருக்குப் போனார். உறவினர் கல்யாண வீட்டிலிருந்து அவரைக் கடத்திக் கொன்றார்கள். இருபத்திரண்டு வயது. கையில் ஆயுதம் கிடையாது. அந்தத் தாயிடம் போய், "ஆயுதமில்லாமல் வந்தது நல்லது" என்று சொல்ல யாருக்கு நா எழும்?

அப்படியானால் வீரனை எப்போது நம்புவது?

பட்டாளத்தில் துப்பாக்கி வீரனுடைய சொத்தல்ல. காவல் முடிந்தால் 'கோத்' என்று அவர்கள் சொல்லும் ஆயுத அறையில் ஒப்படைத்துவிட வேண்டும். சுட்டுப் பழகிய பின் வெற்றுத் தோட்டாவுக்குக்கூடக் கணக்கு உண்டு. சுடு என்று சொல்ல ஒருவர், நிறுத்து என்று சொல்ல ஒருவர். நாடு நம்புவது அவனை மட்டுமல்ல; அவனைச் சுற்றியிருக்கும் அந்தக் கட்டையும் சேர்த்துத்தான். கரியப்பாவையும் திம்மையாவையும் தந்த குடகு நாட்டில் குடவர்களுக்கு லைசென்ஸ் வேண்டாமென்று விலக்கு இருக்கிறது. 2029 வரை அதை நீட்டித்திருக்கிறார்கள். அங்கே துப்பாக்கி பூஜைக்குரிய பொருள். கட்டுப்படுத்த ஒரு மரபு இருக்கிறது. எங்கள் கிணற்று மேட்டில் என்ன இருக்கிறது? பாகப் பிரிவினைக் காலத்திலிருந்து வளர்ந்த கோபம்தான் இருக்கிறது.

ஆகவே நான் இப்படிப் பிரித்துப் பார்க்கிறேன். போட்ட சீருடைக்காகவே ஒருவனைத் தேடிப் பகை வருமானால், அந்தச் சீருடையைக் கொடுத்த அரசாங்கம் வீடு வரைக்கும் அவனுக்குக் காவலாக வரவேண்டும். தற்காப்புக்கு லைசென்ஸ் கேட்டால் இழுத்தடிக்காமல் தரவேண்டும். உமர் ஃபயாஸுக்கு நாம் பட்டிருக்கும் கடன் அது. வரப்புக்கும் வாய்க்காலுக்கும் வருகிற பகையில் அவன் வீரனல்ல, ஒரு பங்காளி. எதிரே நிற்பவனிடம் இல்லாத ஆயுதத்தை, சம்பளத்தோடு கிடைத்த சலுகையாக அவன் கேட்கலாகாது.

இதைச் சொன்னபோது பையன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னான்:

"இருந்திருந்தா சுட்டிருப்பனுங் மாமா. எங்களுக்குக் கை முந்திப் பழகிப் போச்சுங்க. சுட்டதுக்கு அப்புறம்தான், அவன் எங்கூட ஒரே கிணத்துல நீச்சல் பழகினவன்னு ஞாபகம் வந்திருக்கும்."

லீவு முடிந்து அவன் போய்விட்டான். தகப்பனாருக்கு முழங்கை இன்னும் சரியாக மடங்கவில்லை. தண்ணீர் முறைத் தகராறும் தீரவில்லை. ஆனால் தகராறு செய்ய இரண்டு பக்கத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள்.