பெயர் மட்டும் பொய்

பொய் சொல்லக் கூடாது என்பது நம் எல்லோருக்கும் சிறு வயதிலேயே சொல்லித்தரப்பட்ட பாடம். ஆனால், நாம் வாயைத் திறக்காமலே நம் மணிக்கட்டு பொய் சொன்னால் அதற்கு யார் பொறுப்பு? வேடிக்கையான கேள்வியாகத் தோன்றலாம். என்னை அது இரண்டு இரவுகள் தூங்கவிடவில்லை.

சென்ற ஆண்டு பழைய கைக்கடிகாரம் ஒன்று வாங்கினேன். ஒமேகா சீமாஸ்டர். எங்கள் கல்லூரி முதல்வர் கையில் அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு அதன்மேல் ஓர் ஆசை. புதிதாக வாங்க எழுத்தாளனுக்கு ஏது வழி? பழையது 22,000 ரூபாய்க்குக் கிடைத்தது. விற்றவர் மரியாதையானவராகத்தான் தோன்றினார்.

பத்தாம் நாள் வார் அறுந்துபோயிற்று. அன்று செங்கற்பட்டில் இருந்தேன். ரயில் நிலையத்திலிருந்து சற்றுத் தூரத்தில், ஒரு மேசையும் ஒரு கண்ணாடிப் பெட்டியுமே கடையாக உட்கார்ந்திருந்த கிழவரிடம் கடிகாரத்தை நீட்டினேன். அவர் வாரைக் கவனிக்கவில்லை. கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு முகப்பையே பார்த்தார்.

"எவ்வளவு கொடுத்தீங்க சார்?"

சொன்னேன். அவர் பதில் பேசவில்லை.

"என்ன பெரியவரே?"

"இதுக்கு அறுபது வயசுன்னு சொல்லியிருப்பாங்க. உடம்பெல்லாம் கீறல், மூஞ்சி மட்டும் நேத்து பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்கு பாருங்க. எழுத்து தடிச்சிருக்கு. அந்தக் காலத்து ஒமேகாவிலே கண்ணாடிக்கு நடுவிலே, லென்ஸ் வெச்சாத்தான் தெரியும், பொடியா அவங்க முத்திரை இருக்கும். இதிலே இல்லை. ஆனா கண்ணாடியை யாராவது மாத்தியிருக்கலாம். அதை வெச்சுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. உள்ளே பார்ப்போம்."

பின்மூடியைத் திறந்தார். அசல் ஒமேகாவின் எந்திரம் அந்தக் காலத்தில் செம்பு நிறத்தில் இருக்குமாம். அதன் மேலேயே பெயரும், எந்திர வகையின் எண்ணும், வரிசை எண்ணும் பொறித்திருக்குமாம். இது வெள்ளையாக இருந்தது. லென்ஸை என்னிடம் கொடுத்தார். குனிந்து படித்தேன். எச்.எம்.டி.!

"மணி சரியாத்தான் காட்டும் சார். நம்ம பெங்களூர் மெஷின். பேர் மட்டுந்தான் பொய்" என்றார் கிழவர்.

நான் ஏமாந்ததைவிட அந்த எந்திரத்தின் கதி என்னை அதிகம் வருத்தியது. ஜப்பானியச் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961-ல் பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலை பிறந்தது. பதினேழு கற்கள் வைத்து, தினம் சாவி கொடுத்து ஓடிய அதன் 'ஜனதா' எத்தனை மத்தியதரக் குடும்பங்களில் பரீட்சையில் தேறிய பையனின் பரிசாகவும், புது மாப்பிள்ளையின் பெருமையாகவும் இருந்தது! அந்தக் கடிகார நிறுவனத்தை மூடிவிட மத்திய அரசு 2016-ல் முடிவு செய்தது. அந்த நல்ல எந்திரத்துக்கு வேற்றூர்ப் பெயரை ஒட்டி எவனோ வேஷம் கட்டி விட்டிருக்கிறான். போலி செய்கிறவன் ஸ்விட்சர்லாந்துக்காரனின் பெயரைத் திருடுகிறான் என்று மட்டும் நினைக்கிறோம். பெங்களூர்த் தொழிலாளியின் உழைப்பையும் அவன் மறைத்துவிடுகிறானே!

விற்றவரைத் தொலைபேசியில் தேடினேன். அந்த எண் உயிரோடு இல்லை.

அன்று மாலை திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தேன். அங்கே விடுதி நடத்தும் அன்பர் ஒருவர் என்னை வரவேற்றவுடன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "ஒமேகாவா? இதைத்தான் நானும் தேடிக்கொண்டிருக்கிறேன். பெண்ணுக்கு நிச்சயம் ஆகியிருக்கிறது. மாப்பிள்ளைக்குப் போடலாம். 25,000 தருகிறேன், கொடுத்துவிடுங்களேன்" என்றார்.

"நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொன்னேன். இல்லை என்று சொல்லவில்லை. வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இரவெல்லாம் மனம் வக்கீலாக மாறி வாதாடியது. நேற்று இதே கடிகாரத்தை இதே விலைக்கு நான் விற்றிருந்தால் என்னை யார் குறை சொல்ல முடியும்? பொருள் மாறவில்லை, விலை மாறவில்லை, வாங்குகிறவருக்குக் கிடைக்கும் மகிழ்ச்சியும் மாறவில்லை. மாறியது ஒன்றுதான்: எனக்குத் தெரிந்துவிட்டது. செங்கற்பட்டில் வார் அறுந்த காரணத்தால் மட்டும் ஒரு நல்ல காரியம் தீய காரியமாகிவிடுமா?

ஆகிவிடும் என்றுதான் தோன்றுகிறது. நேற்று விற்றிருந்தால் அது தவறு. இன்று விற்றால் அது பொய். 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டங்கூட இந்தக் கோட்டைத்தான் கிழிக்கிறது. போலிச் சின்னம் இட்ட பொருளை விற்றவன், தக்க எச்சரிக்கையோடு இருந்தும் சந்தேகிக்கக் காரணம் இல்லாமல் விற்றேன் என்று மெய்ப்பித்தால் தப்பலாம். அறிந்து விற்றவனுக்குச் சிறை.

விடிந்ததும் உளிச் சத்தம் கேட்டுச் சிற்பிகளின் தெருப்பக்கம் நடந்தேன். 1957-ல் அரசு இங்கே சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கியது, உளி ஓயவில்லை. பல்லவர் சிற்பத்தைப் பார்த்து ஓர் இளைஞர் அப்படியே செதுக்கிக்கொண்டிருந்தார். அது படிதான்; ஆனால் போலி அல்ல. "நான் செய்தது, மூன்று மாதம் ஆயிற்று" என்று அவர் தலைநிமிர்ந்து சொல்லுகிறார். 1950-களில் தஞ்சைப் பகுதியிலே சிவபுரம் நடராஜரைச் செப்பனிடக் கொடுத்தார்கள். படியைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டு அசலைக் கடல் கடத்தினார்கள். பிரிட்டிஷ் மியூசியத்து டக்ளஸ் பாரெட் 1965-ல் எழுதிய பிறகே செய்தி வெளிப்பட்டது. 1986-ல்தான் அசல் அமெரிக்காவிலிருந்து திரும்பிற்று. அங்கே படி எடுத்த கைக்கும் இங்கே செதுக்கும் கைக்கும் திறமையில் என்ன பேதம்? இது, 'நான் இன்னார்' என்கிறது. அது மௌனமாக இருந்துவிட்டது.

அந்தக் கோயிலில் கும்பிட்டவர்களின் பக்தி பொய்யா? அல்லவே அல்ல. ஆனால் அந்த மெய்யான பக்தியையே திருடன் தன் திரையாக்கிக்கொண்டான். போலியின் பெரிய கொடுமை இதுதான்: அது நல்லவர்களைத் தன் பிரசாரகர்களாக ஆக்கிவிடுகிறது. பத்து நாள் நானே எத்தனை பேரிடம் "ஒமேகா" என்று சொல்லியிருப்பேன்! நாளைக்கு ஒரு தகப்பனார் மணப்பந்தலில் நின்று, என் பொய்யைத் தம் நல்ல நாவால் சொல்லப் போகிறார்.

திரும்பி வந்து உண்மையைச் சொன்னேன். அவர் என்னைக் கட்டித் தழுவிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். கதை எழுதுகிறவனுக்கு அந்தப் பலவீனம் உண்டு. அவரோ சற்று யோசித்துவிட்டு, "அப்படியானால் 5,000-க்குக் கொடுங்கள். மாப்பிள்ளைக்குத் தெரியவா போகிறது?" என்றார்.

இப்போது வாங்குகிறவருக்குத் தெரியும். அணியப் போகிறவனுக்குத்தான் தெரியாது. பொய் ஒரு வாசற்படி தள்ளிப் போயிற்றே தவிர, போய்விடவில்லை. கும்பிட்டு விடைபெற்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது. நட்பு பழையபடி இல்லை.

செங்கற்பட்டுக் கிழவரிடம் மறுபடி போனேன். அவர் தம் பெட்டியைக் குடைந்து ஒரு பழைய எச்.எம்.டி. கூட்டையும் முகப்பையும் எடுத்து, எந்திரத்தை அதற்குள் பொருத்திக் கொடுத்தார். கூலி 300 ரூபாய். கீறல் விழுந்த, மங்கிய முகப்பு. 22,000 போனது போனதுதான்; அந்த நஷ்டத்தை வேறொருவர் கணக்கில் எழுத எனக்கு உரிமை இல்லை.

தினமும் காலையில் அதற்குச் சாவி கொடுக்கிறேன். யாரும் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பதில்லை. மணி சரியாகவே காட்டுகிறது, இப்போது பெயரும்.