சம்பாதித்தால் பறிபோகும் உதவி

1988-இல் லாஸ் ஏஞ்சலிஸில், சமூகப் பாதுகாப்புத் துறை அலுவலகம் இருந்த கட்டடத்தின் முன் வரலாற்றாசிரியர் பால் லாங்மோர் தாம் எழுதிய நூலைத் தாமே கொளுத்தினார். ஜார்ஜ் வாஷிங்டனைப் பற்றிய நூல் அது. போலியோவால் கைகள் செயலிழந்த அவர், பேனாவை வாயில் கவ்வி விசைப்பலகையைத் தட்டி எழுதியது. சுவாசக் கருவியும் உதவியாளர்களும் இல்லாமல் அவரால் வாழ முடியாது. அந்தச் செலவை அரசு ஏற்றிருந்தது. நூலுக்குக் கிடைக்கும் சொற்ப ராயல்டியோ, அன்றைய விதிப்படி, உழைத்து ஈட்டிய வருமானமாகவே கருதப்படவில்லை. உழைத்து ஈட்டிய வருமானத்துக்கு இருந்த சலுகை அதற்குக் கிடைக்காததால், அதை வாங்கினால் உதவி போய்விடும் என்ற நிலை. ராயல்டியும் உழைப்பின் வருமானமே என்று விதி பின்னர் மாறியது.

அமெரிக்காவின் மெடிக்கெய்டு அடிப்படையில் வறியவர்களுக்கான மருத்துவத் திட்டம். வறுமை சம்பளம் வந்தால் குறையும். முதுகுத்தண்டு அடிபட்டவரின் தேவை குறையாது. காலையில் படுக்கையிலிருந்து தூக்கி உட்காரவைக்க ஆள் வேண்டும் என்றால், அந்தச் செலவைத் தனியார் காப்பீடு பெரும்பாலும் ஏற்பதில்லை. எனவே சம்பள உயர்வை வேண்டாம் என்பவரைச் சோம்பேறி என்று ஏசுவது அநியாயம். அவர் கணக்கு தெரிந்தவர், அவ்வளவுதான்.

1997-லும் 1999-லும் வந்த சட்டங்கள் இதற்கு ஒரு வழி திறந்தன. வேலைக்குப் போகும் மாற்றுத்திறனாளிகள் கூடுதலாகச் சம்பாதித்தாலும், மாநிலம் இசைந்தால், பிரீமியம் கட்டி மெடிக்கெய்டில் தொடரலாம். மாசசூசெட்ஸ் அதற்கு முன்பே இத்தகைய திட்டத்தைத் தொடங்கியிருந்தது; அங்கே வருமான உச்சவரம்பே கிடையாது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். உணவகத்தில் பாத்திரம் கழுவும், காப்பீடே இல்லாத ஒருவரின் வரிப்பணத்தில் நல்ல சம்பளக்காரருக்கு உதவியா? கேள்வி நியாயமானது, ஆனால் விடையை அது தவறான இடத்தில் தேடுகிறது. பாத்திரம் கழுவுபவருக்குக் காப்பீடு இல்லாதது தனி அநீதி. உதவியாளரைப் பறிப்பதால் அவருக்கு எதுவும் கிடைத்துவிடாது. சம்பளத்துக்கு ஏற்ப பிரீமியம் கட்டச் சொல்வது போதும்.

உண்மையான சங்கடம் வேறு. இந்தச் சலுகை உழைப்பவருக்கு மட்டுமே. வேலை செய்ய இயலாதவர் நம்பியிருக்கும் வறியோர் உதவித்தொகையில், தனியாள் சேமிப்பு 2,000 டாலரைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு 1989 முதல் மாறவில்லை. பல மாநிலங்களில் மெடிக்கெய்டு அந்த உதவித்தொகையுடன் சேர்ந்தே வருகிறது. இருவருக்கும் ஒரே உடல்நிலை, ஒரே தேவை. ஒருவர் சேமிக்கலாம், மற்றவர் கூடாது. வேலை செய்வதற்கான சன்மானமாகவா பராமரிப்பு? அப்படியானால் முதுமைக்கு என்ன பதில்? 1999 சட்டம் 16 முதல் 64 வயது வரையுள்ளவர்களையே கருதியது. அதன்கீழ் சேர்ந்து, அனுமதியோடு சேமித்த ஒருவர் 65-ஐத் தொட்டதும், உடல் மேலும் தளரும் வேளையில், பழைய வரம்புகளுக்குள் அடங்க அந்தச் சேமிப்பைக் கரைக்க நேரலாம்.