தாயின் குற்றமோ?



சென்ற பௌர்ணமிக் கூட்டம் கலைந்த பின்னர் ஓர் அம்மையார் என்னிடம் வந்தார். அவர் கையைப் பற்றி நின்ற ஆறு வயதுச் சிறுவன் என் முகத்தை நோக்கவில்லை. விளக்கின் சுடரையே பார்த்தவாறு விரல்களை உதறிக்கொண்டிருந்தான். பெயர் சொல்லி அழைத்தும் திரும்பினானில்லை.

“ஐயா, இவனுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன பிறவியில் நான் செய்த பாவம் என்கிறார் என் மாமியார். மெய்தானா?” என்று அவர் கேட்டார். அன்று நான் அளித்த மறுமொழி போதாது. ஆகவே இதனை எழுதுகிறேன்.

இருபத்தைந்து ஆண்டுகள் பஞ்சாலையில் நூல் நூற்றவன் நான். நூல் அறுந்தால் மேஸ்திரியின் முதற் கேள்வி, “மெஷினில் நின்றவன் யார்?” என்பதே. பஞ்சின் இழை குட்டையோ, காற்றில் ஈரம் குறைந்ததோ என்று பிறகுதான் பார்ப்பார். காரணம் தேடுவது வேறு, குற்றவாளியைத் தேடுவது வேறு என்பதை அங்கேதான் கற்றேன்.

மருத்துவ உலகமும் ஒருகாலத்தில் அந்த மேஸ்திரியைப் போன்றே நடந்தது. 1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து மருத்துவர் லியோ கானர், 11 குழந்தைகளைப் பற்றி எழுதி, ஆட்டிசத்தைத் தனியொரு நிலையாகக் காட்டினார். அது பிறவியிலேயே அமைவது என்று அவர் கருதினார். ஆயினும், அப்பெற்றோர் பலர் பரிவு குறைந்தவர் என்றும் குறித்து வைத்தார். அக்குறிப்பே வளர்ந்து, தாய் பனிக்கட்டிபோற் குளிர்ந்திருந்தமையால் பிள்ளை இவ்வாறாயிற்று என்னும் பழியாக மாறியது. ஆட்டிசமுள்ள மகனுக்குத் தந்தையான பெர்னார்டு ரிம்லண்டு, இது உடலைச் சார்ந்தது என்று 1964-இல் நூலெழுதி மறுத்தார். அதன் பின்னரும், 1967-இல் சிகாகோவின் புரூனோ பெட்டல்ஹைம் எழுதிய நூல் அப்பழியை நாடெங்கும் பரப்பிற்று. எத்தனை தாய்மார் அதனை நம்பி அழுதிருப்பர்!

1977-இல் இலண்டனில் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் இரட்டையரை ஆராய்ந்தனர். ஒரே கரு பிரிந்து பிறந்த 11 இணைகளுள் 4 இணைகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவாகத் தோன்றிய 10 இணைகளுள் ஒன்றிலேனும் இருவருக்கும் இல்லை. வளர்த்த கையே காரணமாயின், ஒரே வீட்டில் ஒரே தாயிடம் வளர்ந்த இவ்விரு வகையினருக்குள் இத்துணை வேற்றுமை எங்ஙனம் வரும்? வேர் மரபணுவில் உளது என்பது அன்றே தெளிவாயிற்று.

அந்த மரபணு செய்வது யாது? தாயின் வயிற்றில் சிசுவின் மூளை உருவாகுங்கால், கோடானுகோடி நரம்பணுக்கள் பிறந்து, தத்தம் இடம் சென்று, ஒன்றோடொன்று கைகோக்கின்றன. அக்கைகோப்பைப் பிணிக்கும் புரதங்களுள் நியூரோலிஜின் ஒன்று. அதனை ஆக்கும் மரபணுக்களில் மாற்றம் உளதை, ஆட்டிசமுள்ள சுவீடன் நாட்டுச் சகோதரர்களிடம் 2003-இல் பாரிஸ் அறிஞர் கண்டனர். வேறு சில மரபணுக்கள் பிற மரபணுக்கள் எப்போது வேலை தொடங்க வேண்டும் என்று மேற்பார்வை செய்பவை. 2020-இல் 35,000-க்கு மேற்பட்டோரின் மரபணுக்களை ஆராய்ந்து, ஆட்டிசத்தோடு தொடர்புடைய 102 மரபணுக்களை வரிசைப்படுத்தினர். பலரிடத்தில் ஒரு மரபணுவன்று, சிறு சிறு வேறுபாடுகள் பல சேர்ந்தே செயற்படுகின்றன. இன்னும் சிலரிடத்திலோ, தாயிடமும் தந்தையிடமும் இல்லாத மாற்றம், கருவாகும் அணுவில் புதிதாய்த் தோன்றிவிடுகிறது. எவர் குலத்தைக் குறை கூறுவது?

இங்கே நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். பாவம் என்ற சொல்லை வாயில்வழி அனுப்பிவிட்டு, பிறப்பு என்ற சொல்லைச் சன்னல்வழி உள்ளே விடலாகாது. பிறப்பால் உயர்வு தாழ்வு என்பதை உதறி வந்தவர் நாம். ‘பிறவியிலேயே அமைந்தது’ என்றவுடன் ‘பிறவியிலேயே தாழ்ந்தது’ என்று கேட்கும் செவி நமக்கு இருக்கலாமோ? மரபணு மூளையின் அமைப்பில் பங்கு கொள்கிறது. மனிதனின் மதிப்பை அது அளப்பதில்லை. விதியை எழுதுவதுமில்லை. மேற்சொன்ன 11 இணைகளுள் 7 இணைகளில், ஒரே கருவிற் பிறந்தும் ஒருவருக்கே ஆட்டிசம் இருந்தது அன்றோ!

எல்லாத் துன்பமும் முன்வினையே என்போர் கூற்று மெய்யோ என்று சீவகன் என்னும் பரிவ்ராஜகன் வினவியபோது, பகவன் அதனை ஏற்கவில்லை. பித்தம், சிலேத்துமம், வாதம், பருவமாற்றம் என எட்டுக் காரணங்களை அடுக்கி, வினையை அவற்றுள் ஒன்றாக மட்டுமே வைத்தார். பல சார்புகள் கூடியே ஒன்று தோன்றும் என்னும் நம் தம்மத்திற்கு 102 மரபணுக்கள் அந்நியமல்ல.

ஆகவே, அம்மா! அது நுமது குற்றமன்று. நும் மாமியாருக்கும் இதனைப் படித்துக் காட்டுங்கள். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டமும், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் நும் மகனுக்கு உரியவை. அவற்றைக் கேட்டுப் பெறுங்கள். அன்பர்களே, நமக்கும் ஒரு சொல்: அடுத்த பௌர்ணமியன்று அச்சிறுவன் விரல்களை உதறி நிற்கையில், அவனை முறைத்து நோக்குவோமா, பாயில் இடம் விட்டு நகர்ந்து அமர்வோமா? வினை என்பது அதுவே. அது முற்பிறவியிலில்லை; நம் கையில் இருக்கிறது.