கந்தையும் காஷாயமும்

நைந்த ஆடைகளைக் களைந்துவிட்டு மனிதன் புதியவற்றைப் பூணுவதுபோல, ஆத்மா பழைய உடலை நீத்துப் புதிய உடலை ஏற்கிறது என்பது கீதையின் இரண்டாம் அத்தியாயம் காட்டும் உவமை. துக்க வீடுகளில் தலைமுறை தலைமுறையாக ஆறுதல் தந்துவரும் உவமை அது. அதன் நோக்கம் ஆத்மாவைப் பற்றியது. களையப்பட்ட ஆடை பிறகு என்னவாயிற்று என்பதை அது பேசவில்லை. பேச வேண்டிய தேவையும் அங்கில்லை. ஆனால் இல்லறத்தில் இருப்பவருக்கு அந்தக் கேள்வி ஒருநாள் வந்தே தீரும். தாய் மறைந்து ஆண்டு நிறைவும் முடிந்தபின் அலமாரியைத் திறக்கும் மகளுக்கு, அங்கே மடிப்புக் கலையாமல் இருக்கும் புடவைகளை என்ன செய்வது என்பது தத்துவ விசாரமாக வருவதில்லை. கையில் பிடித்திருக்கும் துணியாகவே வருகிறது.

மும்பையில் வடாலா, மாதுங்கா, செம்பூர்ப் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதற்கு ஒரு சுலபமான விடை வாசலிலேயே கிடைத்துவந்தது. கூடை நிறைய எவர்சில்வர் பாத்திரங்களைச் சுமந்து வாக்ரி சமூகப் பெண்கள் தெருத்தெருவாக வருவார்கள். பழைய துணிக்குப் பாத்திரம். நான்கு புடவைக்கு ஒரு தூக்கா, இரண்டு கிண்ணங்களா என்று பேரம் நடக்கும். அப்படிப் போன துணி கிழிசல் தைக்கப்பட்டு, துவைத்து, மீண்டும் சந்தைக்கு வரும். சற்றுத் தள்ளித் தாராவியின் தையல் பட்டறைகளிலோ, வெட்டி எஞ்சிய துண்டுகளைக்கூட நிறம்வாரியாக, ரகம்வாரியாகப் பிரித்து விற்கிறார்கள். மராத்தியில் அந்தத் துண்டுக்குச் ‘சிந்தி’ என்று பெயர். பழம்புடவைகளை அடுக்கடுக்காகப் பரப்பி, மேலே சிந்தித் துண்டுகளை ஒட்டுப் போட்டு, நெருக்கமான ஓட்டுத்தையலால் பிணைத்தால் அது ‘கோதடி’. மகாராஷ்டிரத்துக் கிராமங்களிலிருந்து மில் வேலைக்கு வந்தவர்களின் படுக்கைச் சுருளில் பாட்டியோ தாயோ தைத்துக் கொடுத்த கோதடி ஒன்று இருந்தது என்று ஊகிப்பதில் தவறில்லை.

துணிக்கும் சாயத்துக்கும் இந்தப் பகுதி அந்நியமன்று. நவ்ரோஜி வாடியா 1879-இல் தொடங்கிய பாம்பே டையிங், நூலைக் கையால் சாயத்தில் தோய்த்து வெயிலில் உலர்த்தும் சிறு பட்டறையாகவே பிறந்தது. அந்த நிறுவனத்தின் ஸ்பிரிங் மில் தாதர் கிழக்குக்கும் வடாலாவுக்கும் இடைப்பட்ட நாய்காவ் பகுதியில் இயங்கியது. 1982-இல் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர் பங்கேற்ற மில் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மும்பையின் பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக ஒடுங்கின. ஸ்பிரிங் மில் நிலத்தில் இன்று வானளாவிய குடியிருப்புகள் நிற்கின்றன. ஆலை போனபின் கைத்தையலுக்கு மதிப்புக் கூடியிருப்பது காலத்தின் விசித்திரம். பழந்துணியை இயற்கைச் சாயத்தில் தோய்த்துக் கையால் தைக்கும் கலை இப்போது நகரங்களில் பலரை ஈர்க்கிறது.

இங்கேதான் ஒரு சாதகனின் மனத்தில் ஆட்சேபம் எழும். தாயின் புடவையைக் கொடுக்கவும் மனமின்றி, உடுத்தவும் மனமின்றி, வெட்டித் தைத்து வைத்துக்கொள்வது பற்று அல்லவா? அபரிக்ரகம் என்ற விரதத்துக்கு இது விரோதமல்லவா? ஆட்சேபம் நியாயமானது, எளிதில் தள்ளிவிடக் கூடாதது. ஆயினும் பற்றின்மையையே வாழ்வாகக் கொண்டவர்கள் பழந்துணியை எப்படி நடத்தினார்கள் என்பதைப் பார்த்தபின்பே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

பௌத்த பிக்ஷுக்களின் பழைய மரபில், குப்பையிலும் மயானத்திலும் கிடந்த துணிகளைப் பொறுக்கித் துவைத்து, வெட்டி, ஒட்டுத் தைத்து அணிவது ஒரு விரதம். அந்தச் சீவரத்துக்குப் ‘பாம்சுகூலம்’ என்று பெயர். வேர், மரம், பட்டை, இலை, பூ, காய் ஆகிய ஆறிலிருந்தும் எடுத்த சாயங்களை வினயம் அனுமதித்தது. மகத நாட்டு வயல்களின் வரப்புகளைப் போன்ற அமைப்பில் துண்டுகளை இணைத்து ஆடை வகுத்தவர் ஆனந்தர். அதே ஆனந்தருக்குக் கௌசாம்பி அரசன் உதயணனின் தேவியர் ஐந்நூறு ஆடைகளை அளித்தனர் என்றொரு செய்தியும் வினயத்தில் உண்டு. துறவிக்கு இத்தனை எதற்கு, கடை வைக்கப் போகிறாரா என்று அரசன் ஐயுற்றான். ஆடை நைந்த பிக்ஷுக்களுக்குப் பகிர்ந்தளிப்பேன் என்றார் ஆனந்தர். அவர்களுடைய பழைய ஆடைகள்? மேல்விரிப்பு ஆகும். பழைய மேல்விரிப்பு? மெத்தை உறையாகும். அதன்பின் தரைவிரிப்பு, பிறகு கால்துடைப்பான், பிறகு தூசி தட்டும் துணி. அதுவும் நைந்தால் கொத்திக் களிமண்ணில் பிசைந்து தரை மெழுகுவோம் என்று முடித்தார். அரசன் மகிழ்ந்து மேலும் ஐந்நூறு கொடுத்தான்.

துணியின்மேல் ஆசையற்றவர்களே துணியின் கடைசி இழைவரை கணக்கு வைத்திருந்தார்கள் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. பொருளை அலட்சியமாக எறிவது வைராக்கியமன்று. பெரும்பாலும் அது வேறொன்று வாங்குவதற்கான அவசரமே. ‘இது என்னுடையது’ என்ற எண்ணம் பற்று. ‘இது வீணாகக் கூடாது’ என்ற எண்ணம் வேறு. வெளிப் பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுவதால்தான் குழப்பம்.

துறவியின் ஆடைக்குரிய பெயரிலேயே சாயக்காரரின் தொழில் ஒளிந்திருக்கிறது. ‘கஷாயம்’ என்ற வடசொல்லுக்குத் துவர்ப்பு என்பது பொருள். தமிழிலும் துவர் என்றால் சுவை, செந்நிறம் இரண்டையும் குறிக்கும், ஆகவே துவராடை. பருத்தி, சாயத்தை எளிதில் ஏற்பதில்லை. முதலில் மாவுப்பசை போகத் துவைத்து, கடுக்காய் நீரில் ஊற வைக்கிறார்கள். கடுக்காயின் துவர்ப்பு இழையைப் பற்றுகிறது. அடுத்துப் படிகார நீர். பிறகே மஞ்சிட்டியோ, சோழமண்டலக் கரையின் சாயவேர் எனப்படும் இம்பூறலோ கொதிக்கும் கலத்தில் சிவப்பாக இறங்குகிறது. படிகாரத்துக்குப் பதில் வெல்லத்தில் ஊறிய இரும்பு நீர் தடவிய இடம், அதே கலத்தில் கருமையாகிறது. கலம் ஒன்று, சாயம் ஒன்று. துணி முன்னதாக எதை ஏற்றிருந்ததோ அதற்கேற்ப நிறம். அவசரப்பட்டுக் கடுக்காயை விட்டுவிட்டால் முதல் சலவையிலேயே வண்ணம் கழிந்துவிடும். பலமுறை துவைக்கப்பட்ட பழம்பருத்தி இந்தக் கலைக்கு உகந்தது. புதுத்துணியின் கஞ்சியும் மெழுகும் அதில் எப்போதோ போயிருக்கும்.

ஆனால் இயற்கை என்ற சொல்லே தூய்மைக்கு உறுதியாகிவிடாது. 1856-இல் பதினெட்டு வயது வில்லியம் பெர்க்கின், மலேரியா மருந்தான குவினைனைச் செயற்கையாகச் செய்ய முயன்றபோது தற்செயலாக ஊதாச் சாயத்தைக் கண்டார். 1868-இல் மஞ்சிட்டியின் சிவப்பு செயற்கையாக உருவாக்கப்பட்டது, 1897-இல் அவுரி நீலம் ஆலைச் சரக்காயிற்று. அதற்கு முன் சந்தைக்கு வந்த அவுரி நீலம் இயற்கையானது. அந்த இயற்கை நீலத்துக்காகத்தான் வங்கத்து விவசாயிகள் வதைக்கப்பட்டு 1859-இல் கிளர்ந்தெழுந்தனர். அதற்காகவே 1917-இல் காந்தியடிகள் சம்பாரணுக்குச் சென்றார். இன்றும் குரோமிய உப்பைக் கொண்டு இலைச்சாயத்தை நிலைநிறுத்தினால் கழிவுநீர் நஞ்சுதான். சாயம் எந்தச் செடியிலிருந்து வந்தது என்று கேட்பவர், யாருடைய கைகளால், என்ன கூலிக்கு வந்தது என்றும் கேட்க வேண்டும். பல வாரங்கள் குனிந்து தைத்த கோதடிக்குக் கடையில் கம்பளி விலையைச் சொல்லிப் பேரம் பேசுவோர், இந்த இரண்டாம் கேள்வியைக் கேட்பதே இல்லை.

கந்தைக்கும் ஒரு செருக்கு உண்டு. ஏழைக்கு ஒட்டுப் போட்ட துணி வேறு வழியின்மை. வசதியுள்ளவருக்கு அது அலங்காரம். இந்த வேறுபாட்டை மறந்து எளிமையைப் பற்றி உபதேசிப்பது பாவமென்றே சொல்லலாம். மகாராஷ்டிரத்தின் காட்கே மகராஜ் இதை நன்கறிந்திருந்தார். 1876-இல் அமராவதி வட்டாரத்தில் சலவைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த அவர், இல்லம் துறந்து, ஒட்டுத்துணி ஆடையும் கையில் ஓட்டுச் சட்டியும் துடைப்பமுமாக ஊர் ஊராக நடந்தார். மக்கள் அவரைக் ‘கோதடே புவா’, ‘சிந்தே புவா’ என்றும் அழைத்தனர். பகலில் தெருவைப் பெருக்குவார். இரவில் கீர்த்தனம் செய்வார். சேர்ந்த பணம் பண்டரிபுரம் முதலிய தலங்களில் தர்மசாலைகளாயிற்று. கந்தை உயர்ந்தது என்று அவர் யாருக்கும் போதிக்கவில்லை. தமக்குக் கந்தை, பிறருக்குக் கூரை என்பதே அவர் கணக்கு. 1956-இல் அவர் மறைந்தார். வடாலாவுக்கு அண்மையில், தாதரில் அவர் பெயர் தாங்கிய தர்மசாலையில், பரேலின் டாடா மெமோரியல் மருத்துவமனைக்கு வெளியூர்களிலிருந்து வரும் புற்றுநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறுகிறார்கள்.

ஆகவே தாயின் புடவையைப் பற்றிய கேள்வி, வெட்டலாமா கூடாதா என்பதில் நிற்பதில்லை. யாருக்காகத் தைப்பது என்பதில் இருக்கிறது. வங்கத்தின் காந்தா விரிப்பும் நம் கந்தை என்ற சொல்லும் ஒரே வேரில் வந்தவை. குருசதய் தத் சேகரித்த காந்தாக்களில் புகழ்பெற்ற ஒன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டில் குல்னாவைச் சேர்ந்த மானதசுந்தரி என்ற பெண் தன் தந்தைக்காகத் தைத்தது. காந்தாக்கள் பெரும்பாலும் அப்படித்தான்: பிறக்கப்போகும் குழந்தைக்கு, புறப்படும் கணவருக்கு, வரும் விருந்தினருக்கு. நம் வீடுகளிலும் தூளிக்குப் பாட்டியின் பழம்புடவைதானே தேடப்பட்டது? பிஞ்சு உடலுக்கு அதன் மென்மைக்கு நிகர் இல்லை. கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டுச் சுவரில் மாட்டிய புடவை, அலமாரி மாறிய புடவையே. வேறொருவரின் மேல் போர்வையாக விழுந்தது, கை மாறிவிட்டது.

அப்படியானால் அழகு எதற்கு, உறுதியாகத் தைத்தால் போதாதா என்று கேட்கலாம். வட கன்னடத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள் ‘கவந்தி’ தைக்கும்போது ஓரத்தில் தொடங்கி, துண்டுக்கு மேல் துண்டாக வைத்து நடுவை நோக்கி வருவார்கள். நைந்த பகுதிகள் உள் அடுக்குகளுக்கு, திடமானவை மேலுக்கு. எல்லாம் முடிந்தபின் நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த சிறு துணிகளை வைத்துத் தைக்கிறார்கள். குளிருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அதற்குப் ‘பூ’ என்று பொருள்படும் ‘புலா’ என்று பெயர். அது இல்லாத போர்வையை அவர்கள் நிர்வாணமானது என்கிறார்கள்.